ஐந்தாவது ஓட்டை

காப்புரிமை வழக்கில் நான் ஜெயித்தது என் அறிவால் அல்ல, கவனக்குறைவால். இதை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. வாயால் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவும் நீதிபதி கேட்டதால், நிரம்பி வழிந்த நீதிமன்றத்தில், எல்லோரும் சிரிக்க.

கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். சாமைக்கு உமி நீக்க ஒரு சின்ன மிஷினை வடிவமைத்தேன். சாமையை நெல் மிஷினில் போட்டால் பாதி நொறுங்கும், மீதி போனபடியே திரும்பி வரும். என் மிஷினில் சல்லடைக்கு அடியில் ஒரு தட்டுக்கை உண்டு. அது டக்டக்கென்று தட்டத் தட்ட உமி ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் போகும். போக வேண்டும் என்று சொல்வதுதான் நேர்மை. அந்தத் தட்டுக்கைக்குத்தான் காப்புரிமை வாங்கினேன். மொத்தம் ஆறு மிஷின்கள் செய்து கொடுத்தேன். அதோடு என் தொழிற்புரட்சி நின்றுவிட்டது.

முதல் மிஷினின் முன்தகட்டில் நான்கு போல்ட்டுக்கு நான்கு ஓட்டை போட வேண்டும். போனில் யாருடனோ பேசிக்கொண்டே துளைத்ததில் ஒன்று இடம் தவறி விழுந்துவிட்டது. சரியான இடத்தில் இன்னொன்று போட்டேன். அந்தத் தகட்டையே அளவுக்கு வைத்து மற்ற ஐந்து தகடுகளையும் துளைத்தேன். ஆறு மிஷினிலும் ஐந்து ஓட்டை. காப்புரிமைக்குப் படம் வரைந்தவர் மிஷினைப் பார்த்து வரைந்தார். அரசாங்க முத்திரை போட்ட படத்திலும் ஐந்து ஓட்டை.

சின்னசேலம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதே மிஷினைச் செய்து விற்கிறார் என்று தெரியவந்தது. போய்ப் பார்த்தேன். தட்டுக்கை இருந்தது. ஐந்து ஓட்டையும் இருந்தன. என் மனைவியின் தம்பி வக்கீல். மணலூர்பேட்டையிலிருந்து தினம் கோர்ட்டுக்கு வந்து போகிறவர். "மாமா, இத சும்மா வுட்டா நாளைக்கி ஒங்க மீசையக்கூட காப்பி அடிப்பானுங்க" என்றார். என் மீசையைக் காப்பியடிக்க யாருக்கும் காரணம் கிடையாது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் நீதிபதி பட்டறைக்காரரைக் கேட்டார்: "இந்த ஐந்தாவது ஓட்டை எதற்கு?"

"தெரியலீங்கய்யா."

"தெரியாமல் ஏன் போட்டீர்கள்?"

"சார் வாத்தியாருங்கய்யா. காரணம் இல்லாம போட்டிருக்க மாட்டாருன்னு நானும் போட்டனுங்க."

அந்தப் பதிலோடு அவருடைய வழக்கு முடிந்தது. நீதிபதி என் பக்கம் திரும்பினார். நீங்கள் சொல்லுங்கள், எதற்கு அந்த ஓட்டை? "தவறுதலா விழுந்ததுங்க ஐயா" என்றேன். கோர்ட்டே சிரித்தது. எதிர் வக்கீல் சிரித்தார், என் மச்சான் சிரித்தார், பென்ச் கிளார்க் பேப்பரால் வாயை மூடிக்கொண்டார். பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். வாத்தியார் மேல் வைத்திருந்த மரியாதையால் தோற்றுப்போன ஒரு மனிதனின் பார்வை அது. அவருக்குத் தோள் அகலம். கை, சம்மட்டி பிடித்த கை. எனக்குச் சாக்பீஸ் பிடித்த கை.

தீர்ப்பு வந்தது. பிரதிவாதி இனி அந்த மிஷினைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வைத்து ஓட்டக் கூடாது. நிரந்தரத் தடை. மீறினால் சிவில் சிறை. மச்சான் லட்டு வாங்கி வந்தார். நான் என் பங்கை டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

அன்று பிடித்த பயம். சின்னசேலம் ரோடு பக்கம் போவதை நிறுத்தினேன். காலேஜுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு நுரை பூசியிருந்த நேரத்தில் கண்ணாடியில் பட்டறைக்காரர் தெரிந்தார். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நான் கழுத்துத் துண்டோடு பின்வாசல் வழியாக வெளியேறினேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வலப்பக்கம் மட்டும் தாடி. வகுப்பில் பையன்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் மச்சான் ஒரு தகவலோடு வந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சாமை மிஷின் ஒன்று ஓடுகிறதாம். பட்டறைக்காரர் மாதம் தவறாமல் ஸ்பேனர் பையோடு மலை ஏறிப் போகிறாராம். "தீர்ப்ப மதிக்கல மாமா. மேல கொண்டுபோய் ஒளிச்சி வெச்சி ஓட்டிக்கினு இருக்கான். வுடக்கூடாது." தீர்ப்பை நிறைவேற்றித் தரச்சொல்லி மனு தயாரானது. கூடவே ஒரு பிரமாணப் பத்திரம். மேற்படி மிஷின் பிரதிவாதியால் செய்யப்பட்டது என்பதை நான் அறிவேன் என்று அதில் இருந்தது. நான் அறியவில்லை. மச்சான் அறிந்திருந்தார், அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பேனா பிடிக்கும்போது மட்டும் நான் பெரிய தைரியசாலி. கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட் வாரண்ட் கொடுத்தது. உத்தரவை நிறைவேற்றுகிற கோர்ட் ஊழியரான அமீனா மலைக்குப் போக வேண்டும். வாதி கூடப் போய் மிஷினை அடையாளம் காட்ட வேண்டும். பிரதிவாதி செய்தது என்று தெரிந்தால் பூட்டி அரக்கு முத்திரை வைத்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை போதும், அவர் உள்ளே போவதற்கு. என் ஒரு சொல்லில் ஒரு மனிதர் சிறைக்குப் போவார். அவர் வெளியே வருவாரே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

"நீ வரலியா மச்சான்?" என்றேன்.

"எனக்கு அன்னிக்கி வேற கேஸு மாமா."

"போலீஸ்?"

"அதுக்குத் தனி மனு போடணும். ரெண்டு மாசம் ஆவும். நீங்க ஏன் பயப்படறீங்க? தீர்ப்பு ஒங்க பக்கம்."

தீர்ப்பு என் பக்கம்தான் இருந்தது, மடித்து, சட்டைப் பையில். நான்கு பக்கக் காகிதம். அருவாளைத் தடுக்கிற கனம் அதற்கில்லை.

அமீனா ஓய்வு பெறும் வயதில் இருந்த மனிதர். தோள்பையில் அரக்கு, நூல், மெழுகுவத்தி, பித்தளை முத்திரை, எலுமிச்சம்பழம் இரண்டு, தயிர்சோறு. கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப்புக்குக் காத்திருந்தபோது கேட்டேன்: "இந்த மாதிரி போற எடத்துல யாராவது அடிச்சிருக்காங்களாங்க?"

"எங்கள யாரும் அடிக்க மாட்டாங்க சார்," என்றார் அமீனா. "கவர்மெண்ட் ஆளு. கூட வர்றவங்களத்தான் அடிப்பாங்க."

ஜீப் வந்தது. பின்பக்கம் ஏறி உட்கார்ந்தோம். வெங்காய மூட்டை ஏறியது, ஒரு பிளாஸ்டிக் டிரம் ஏறியது, நான்கைந்து பேர் ஏறினார்கள். கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் கை தட்டி நிறுத்தி ஏறினார். பட்டறைக்காரர். எனக்கு எதிரே ஓரிடம்தான் காலியாக இருந்தது. அவருடைய முழங்காலும் என் முழங்காலும் ஒட்டிக்கொண்டன.

மடியில் ஒரு பொட்டலம். பழைய லுங்கியில் சுற்றியிருந்தது. இரண்டடி நீளம். ஒரு முனை லேசாக வளைந்திருந்தது. இரண்டடி நீளத்தில் ஒரு முனை வளைந்த பொருள் தமிழ்நாட்டில் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். கரும்பு வெட்டுகிற பூமியில் பிறந்தவனுக்கு அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

"வணக்கம் சார்," என்றார் அவர். "நோட்டீஸ் வந்துச்சு. அதான் நானும் வர்றன்."

"வணக்கம்," என்றேன். அப்படிச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அமீனா பிறகு நான் வாயை மட்டும் அசைத்ததாகச் சொன்னார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "இன்னா பட்டறக்காரரே, மேல வேலையா?"

"ஒரே வேலதாம்ப்பா. இன்னியோட முடிச்சிட்டு வந்துடுவேன்."

கோமுகி அணை தாண்டியதும் மலைப்பாதை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நான் அவர் மேல் போய் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலம் என் வயிற்றில் இடித்தது. இரும்புதான். சந்தேகமே இல்லை. வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை தப்பியது. அமீனா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். ஒரு திருப்பத்தில் கீழே பார்த்தேன். மரங்களின் தலை தெரிந்தது. அப்போது பட்டறைக்காரர் எழுந்து என் புஜத்தை இறுக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், தள்ளப்போகிறார் என்று கண்ணை மூடினேன். எல்.ஐ.சி. பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது.

"வெளிய சாயாதீங்க சார்," என்றார். "பின்கதவு கொண்டி சரியில்ல."

மிச்ச வளைவுகள் முழுக்க அவர் என் கையை விடவில்லை. அதற்கு நன்றி சொல்வதா கத்துவதா என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

வெள்ளிமலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். "நீங்க முன்னால போங்க சார்," என்றார் பட்டறைக்காரர். "இல்லல்ல, நீங்க போங்க," என்றேன். "பரவால்ல, நீங்க போங்க." "ஒங்களுக்கு வழி தெரியும்." "ஒரே பாதைதான் சார், தப்பிக்கவே முடியாது." அவர் முதுகை நான் பார்ப்பதா, என் முதுகை அவர் பார்ப்பதா என்ற இந்த வழக்கு முடிவதாக இல்லை. கடைசியில் அமீனா நடுவில் வந்து நின்றார். நான் அவருக்கு முன்னால், பட்டறைக்காரர் பின்னால். பத்து அடிக்கொருதரம் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கால்களுக்கிடையே பின்னால் பார்த்தேன். பொட்டலம் இப்போது அவர் தோளில் இருந்தது.

அறுவடை முடிகிற சமயம். இரண்டு பக்கமும் சாமைத் தாள் நின்றது. ஊருக்குள் நுழையும்போது மிஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தகரக் கொட்டகை முன்னால் ஏழெட்டுப் பெண்கள் கூடையும் சாக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். வயலில் இருந்து நேராக வந்தவர்கள். எல்லோர் இடுப்பிலும் கதிர் அருவாள். நான் எண்ணினேன். ஏழு அருவாள். பொட்டலத்தைச் சேர்த்தால் எட்டு.

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைக் கண்டுகொள்ளாமல் பட்டறைக்காரரிடம் போனார். "வந்துட்டியாண்ணா? மூணு நாளா நின்னுக்கினு கீது. இவங்க எல்லாம் ஒரல எடுக்க வேண்டியதுதான்னு திட்டிக்கினு இருக்காங்க."

"இரும்மா," என்றார் அவர். "மொதல்ல இவங்க வேல முடியட்டும்."

அமீனா வாரண்டை எடுத்து முழுவதும் படித்தார். மேற்படி, இதன்கீழ், எனவே, ஆகையால். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் அந்தப் பெண், "இன்னா சொல்றாரு?" என்றார்.

"இந்த மிஷினு இவரு செஞ்சதா இருந்தா," அமீனா பட்டறைக்காரரைக் காட்டினார், "பூட்டி முத்திர வெச்சிடுவோம். இவரு ஜெயிலுக்குப் போவணும்."

"எதுக்கு?"

"அவரு கண்டுபுடிச்சத இவரு செஞ்சிட்டாராம்." இப்போது என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்டுபிடிப்பாளர்களை மக்கள் அப்படிப் பார்த்து நான் படித்ததில்லை.

"சார், அடையாளம் காட்டுங்க," என்றார் அமீனா. "ஒங்களுதா, அவருதா?"

கொட்டகைக்குள் போனேன். உள்ளே இருட்டு. மிஷின் நெற்றியில் மஞ்சள், குங்குமம். புதுச் சாமையைப் போடும் முன்பு பூஜை போட்டிருக்கிறார்கள். முன்தகட்டைத் தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு போல்ட். ஐந்தாவது ஓட்டையில் மூன்று ஊதுபத்திக் குச்சிகள் செருகி எரிந்து முடிந்திருந்தன. இத்தனை வருடத்தில் அந்த ஓட்டைக்கு யாரோ ஒருவர் உபயோகம் கண்டுபிடித்திருக்கிறார். காப்புரிமை அவருக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஓட்டை இப்போது எனக்கு உதவவில்லை. என் மிஷினிலும் ஐந்து, அவர் மிஷினிலும் ஐந்து. நம்பர் போட்டிருந்தேனா? போட்டிருந்தேன், ஸ்டிக்கரில். ஸ்டிக்கர் எப்போதோ உரிந்து போயிருக்கும். சல்லடையைப் பார்த்தேன், நான் செய்தது மாதிரி இல்லை. காற்றாடியைப் பார்த்தேன், நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. மூன்று முறை சுற்றி வந்தேன். பட்டறைக்காரர் வாசலில் நின்று செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். அவருடைய நிழல் மிஷினைவிடப் பெரிதாகச் சுவரில் விழுந்தது.

"நீங்களே சொல்லிடுங்களேன்," என்றேன் அவரிடம், குரலைத் தாழ்த்தி.

"நான் வாயே தொறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிக்கிறாரு சார். போன தடவ தொறந்துதான் கெட்டனாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க மிஷினு ஒங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார்.

கிண்டல் இல்லை அதில். உண்மையாகவே கேட்டார்.

அவருடையது என்றால் வெளியே ஏழு அருவாள். என்னுடையது என்றால், அது பொய்யாக இருந்தால், பயத்தில் அமீனாவிடம் பொய் சொன்னவன் ஆவேன். தெரியவில்லை என்றால் சொந்த மிஷினைத் தெரியாத கண்டுபிடிப்பாளன். மூன்றில் எதைச் சொன்னால் வீட்டுக்கு முழுசாகப் போகலாம் என்று மட்டுமே அப்போது யோசித்தேன்.

அந்தப் பெண் உள்ளே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்போ கண்ணாடி போடாம இருந்தீங்க," என்றார்.

"எப்போ?"

"இத எங்ககிட்ட குடுத்ததே நீங்கதானேங்க? வெள்ளிமல பள்ளிக்கூடத்தாண்ட. மால போட்டாங்க ஒங்களுக்கு. மைக்குல பேசினீங்க. ரொம்ப நேரம்."

எனக்கு நினைவு வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் என்னிடம் இரண்டு மிஷின் வாங்கி மலையில் கொடுத்தது. விழா நடந்தது. அதற்கப்புறம் அவை எந்த ஊருக்குப் போயின என்று நான் கேட்டதே இல்லை. மாலையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய் பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு போட்டோவை எடுத்து வந்தார். மாலையோடு நான். பக்கத்தில் மிஷின். தானியம் கொட்டுகிற வாயின் ஓரம் நசுங்கியிருக்கிறது. வேனில் இருந்து இறக்கும்போது தவறி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் நின்ற மிஷினிலும் அதே இடத்தில் அதே நசுங்கல்.

"மூணாம் நாளே நின்னுடுச்சுங்க," என்றார் அந்தப் பெண். "ஒங்களுக்கு போன் பண்ணோம். நாலு தபா எடுக்கல. அஞ்சாவது தபா எடுத்து கிளாஸ்ல இருக்கன்னு சொல்லி வெச்சிட்டீங்க. அப்பறந்தான் அந்தத் தட்டற கைய மட்டும் கயட்டி சாக்குல போட்டுக்கினு சின்னசேலம் போனேன். அண்ணன் செஞ்சி குடுத்தாரு. அன்னியிலேருந்து அவருதான் வந்து பாத்துக்கறாரு."

பட்டறைக்காரர் வக்கீலை மறந்துவிட்டார். "இத ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் சார் எனக்கு இது புடிபட்டுச்சு. நல்ல மிஷினு சார், கொஞ்சம் பலம் பத்தல. அப்பறம் கீழ ரெண்டு பேரு கேட்டாங்கன்னு புதுசா செஞ்சி குடுத்தேன். அது தப்புதான். கோர்ட்ல இதச் சொல்லலாம்னேன். சொன்னா நீ காப்பி அடிச்சதுக்கு அதே சாட்சின்னுட்டாரு வக்கீலு."

எல்லாம் தெளிவாகிவிட்டது. என் பயம்தான் தெளியவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அமீனா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், இது அவரு செஞ்சதுன்னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இப்ப ஒங்களுதுன்னு சொன்னா…" அமீனா மிச்சத்தைச் சொல்லவில்லை. "கொஞ்சம் சிக்கலு சார்."

பொய்ப் பிரமாணம். அது வரைக்கும் சிறை என்ற வார்த்தை பட்டறைக்காரருக்கு உரியதாக மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது. உடனே மூளை வேலை செய்தது; பயத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். கூடு மட்டும்தானே என்னுடையது? சல்லடை அவருடையது, காற்றாடி அவருடையது, தட்டுக்கை அவருடையது. உள்ளே ஓடுவதெல்லாம் அவர் செய்தது என்று சொன்னால் பொய்யே இல்லையே. அரக்கு உருகும், முத்திரை விழும், அவர் உள்ளே போவார், நான் கீழே இறங்கிப் போகலாம். வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன். ஒரு சொம்பு குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டேன்.

மனசாட்சி பேசியது என்று எழுத ஆசைதான். பேசியது அந்தப் பெண். மற்ற பெண்களிடம் திரும்பி என் மைக் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட மறக்கவில்லை அவருக்கு. "இனிமே நீங்க ஒலக்கையத் தொட வேணாம்னாரு. இது மிஷினு இல்ல, ஒங்க பொறந்த வூட்டு சீருன்னாரு. கெட்டுப்போனா ஒரு போன் அடிங்க, ராவோ பகலோ நான் மல ஏறி வந்து நிப்பன்னாரு…"

பெண்கள் ஒவ்வொரு வரிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் நிறைய இருந்தது அந்தப் பேச்சில். முடிவில் பாரதத் தாயைப் பற்றி ஒரு பத்தி வரும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

"என்னுதுதாங்க," என்றேன் அமீனாவிடம். "எழுதிக்கோங்க. என்னுதுதான்."

அமீனா சாக்கு மூட்டை மேல் காகிதத்தை வைத்து எழுதினார். மேற்படி இயந்திரம் தன்னுடையதே என்று வாதியே அடையாளம் காட்டியதால் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. கையெழுத்துப் போட்டேன். பிரமாணப் பத்திரத்தில் இருந்த கையெழுத்தும் இதுவும் ஒரே ஆள் போட்டது என்று எந்த நிபுணரும் சொல்ல மாட்டார். இது அவ்வளவு நடுங்கியிருந்தது.

பட்டறைக்காரர் லுங்கியைப் பிரித்தார். நான் ஓரடி பின்னால் போனேன். உள்ளே லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து, வளைத்து, எண்ணெய் போட்டுத் துடைத்த ஒரு தட்டுக்கை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அமீனாவைப் பார்த்தார். "இத மாட்டலாமுங்களா? தடை இருக்குதே எம்மேல."

அமீனா பணிக்காலம் முழுவதையும் ஒருமுறை மனதில் புரட்டிப் பார்த்தார் போலிருந்தது. "மிஷினு வாதியோடது. வாதி சொன்னா மாட்டலாம்."

திரும்பவும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டுங்க என்றேன். அவர் மண்டி போட்டு மாட்டினார், நான் வெளிச்சம் காட்டினேன். "கொஞ்சம் நெலையா புடிங்க சார்," என்றார் இரண்டு முறை. சுவிட்சைப் போட்டதும் மிஷின் உதறி எழுந்து டக்டக்கென்று தட்டியது. ஒரு பக்கம் உமி பறந்தது. மறு பக்கம் சாமை அரிசி வெள்ளையாக, ஒன்றுகூட நொறுங்காமல் கொட்டியது. நான் காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கோர்ட்டில் மனுவை வாபஸ் வாங்கினோம். நீதிபதி என்னை நிற்க வைத்துப் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். தெரியாததைத் தெரியும் என்று சத்தியம் செய்கிற ஆசிரியரிடம் பிள்ளைகள் என்ன படிப்பார்கள் என்று கேட்டார். இந்த ஒருமுறை விடுகிறேன் என்று அவர் சொல்லும்வரை சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மச்சான், "அவருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் மாமா" என்றார். அவருக்கு இன்னும் என் மேல் வருத்தம். தடை உத்தரவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பட்டறைக்காரர் புதிதாகச் செய்யவும் நான் அனுமதி எழுதிக் கொடுப்பதாக இருக்கிறேன். மச்சான் பேப்பர் தயாராகிக்கொண்டிருக்கிறது என்கிறார். எப்போது கேட்டாலும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, கச்சிராயபாளையம் ஜீப் டிரைவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மலையில் அந்த மிஷின் திரும்பவும் நின்றுவிட்டது என்றார். எனக்குப் போன் வரவில்லை. இருந்தாலும் இந்த முறை தட்டிக்கழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். காலேஜில் லீவு சொன்னேன். டூல்ஸ் பையைத் தேடி எடுத்தேன். ஜீப்பில் கதவு ஓரமாக உட்காராமல் நடுவில் உட்கார்ந்தேன். எல்லா வளைவுக்கும் பயந்தபடியே மலை ஏறி, இரண்டு கிலோமீட்டர் நடந்து, கொட்டகை முன்னால் போய் நின்றேன். வியர்த்துக் கொட்டியது. மனசுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"நீங்க எதையும் தொட்டுடாதீங்க சார்," என்றார். "அண்ணன் நாளைக்கி வரன்னு சொல்லிக்கிறாரு."